தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுபவர்கள் குரல் கொடுப்பீர்களா?

வணக்கம். ஐயப்ப பக்தர்கள் குவியும் கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரி படகுத்துறையில் வரிசையை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடும்வரை சிக்கல் இல்லை, நின்றால்தான் திண்டாட்டம். நீர்மட்டம் தாழ்ந்தால் தரைதட்டும் என்று படகை நிறுத்திவிடுவார்கள். கடலோ குளம்போலக் கிடக்கும். தமிழில் சொன்னாலே நம்பமாட்டார்கள். கர்நூலிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவருக்கு எப்படிப் புரியவைப்பது? சென்ற ஆண்டு ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கடலையே காட்டினார். எனக்குத் தெரிந்த தெலுங்கு 'படவ லேது' மட்டும்தான்.

கைபேசி மொழிபெயர்ப்பை ஒலிபெருக்கியில் வாசித்துப் பார்த்தோம். வரிசையே சிரித்தது.

எனவே, வீட்டில் இம்மொழிகளைப் பேசுபவர்கள் மூன்று வாக்கியங்களைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும்: படகு ஏன் நின்றது, அடுத்த அறிவிப்புவரை எங்கே காத்திருப்பது, படகில் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றக் கூடாது. ஒவ்வொன்றும் 15 விநாடிக்குள் முடியட்டும்; காற்றில் அதற்குமேல் எதுவும் காதில் ஏறாது. ஏட்டு மொழி வேண்டாம், பாட்டிக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இந்திக்கு ஆள் கிடைத்துவிட்டார். தமிழ் வாசகங்களைக் கேட்பவர்களுக்கு இன்றே அனுப்புகிறேன்.