ஜேர்மன் 'ஷ்ட்ராஸெ': ஒரு எஸ்ஸா, இரண்டு எஸ்ஸா, பியா?

நல்லூர்த் தங்கச்சி:
வணக்கம். அடுத்த மாதம் கொழும்பில் ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜேர்மன் சோதனை, அது பாஸ் பண்ணினால்தான் இவரிடம் ஜேர்மனிக்குப் போக விசாவுக்குப் போடலாம். ஆனால் தெருவுக்குச் சொல்லும் சொல்லிலேயே குழம்பி நிற்கிறேன். இவருடைய விலாசத்தில் எஸ், ரி, ஆர், ஏ வந்து, பிறகு பி மாதிரி ஒரு எழுத்து, கடைசியில் ஈ. சூரிச்சில் இருக்கும் மாமியின் விலாசத்தில் அதே சொல்லுக்கு இரண்டு எஸ். போன கிழமை பார்சல் போடப் போன இடத்தில் அங்கிருந்த பொடியன் அதை பி என்றே தட்டிவிட்டான், நானும் கவனிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது போய்ச் சேருமா? சொல்லை எப்படி உச்சரிப்பது? வகுப்பில் பலர் 'இஸ்ராசே' என்கிறார்கள், யூரியூப்பில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

சுவிஸ்வாசி:
தங்கச்சி, அது பி இல்லை, ஒரு பழைய எஸ். 1996இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது அதை எடுத்துவிட்டார்கள். நான் இங்கே இருபது வருடமாக இரண்டு எஸ்தான் எழுதுகிறேன். அதையே எழுதுங்கோ.

வடலி:
அண்ணா, சுவிசுக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கேயும் லிச்சென்ஸ்டைனிலும் அந்த எழுத்தே பாவிப்பதில்லை. ஆனால் ஜேர்மனியில் அது போகவில்லை, 2017இல் அதற்குப் பெரிய எழுத்து வடிவம் கூட அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். 1996இல் செய்தது, எங்கே அது வரும், எங்கே இரண்டு எஸ் வரும் என்று ஒழுங்குபடுத்தியதுதான்.

தங்கச்சி, அந்த எழுத்தின் பெயர் எஸ்ட்செட். விதி தமிழ்ப் பிள்ளைகளுக்கு நல்ல சுகம். கல் + இல் = கல்லில், கால் + இல் = காலில். குறிலுக்குப் பின்னால் ஒற்று இரட்டிக்கிறது, நெடிலுக்குப் பின்னால் இல்லை. ஜேர்மனிலும் அதே மாதிரித்தான்: ஷ்ட்ராஸெயில் 'ரா' நெடில், ஆகவே எஸ்ட்செட். 'கஸ்ஸெ' என்றால் எங்கள் ஊர் ஒழுங்கை மாதிரிச் சின்னத் தெரு, அதில் 'க' குறில், ஆகவே இரண்டு எஸ். ஐ, ஔ இரண்டையும் நாங்கள் நெடிலில் சேர்க்கிறோம் அல்லவா, அங்கேயும் அப்படித்தான்: வெள்ளை நிறத்துக்கு 'வைஸ்', வெளியே என்பதற்கு 'ட்ரௌஸென்', இரண்டிலும் எஸ்ட்செட். இதைச் சும்மா அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். 'இன் மாஸென்' குடித்தால் அளவோடு குடிப்பது, 'இன் மஸ்ஸென்' குடித்தால் கணக்கில்லாமல் குடிப்பது. சுவிசில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, வசனத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பார்சலுக்குப் பயப்பட வேண்டாம். ஐந்து இலக்கத் தபால் குறியீடும் ஊரும் வீட்டு இலக்கமும் சரியென்றால் பெரும்பாலும் போய்ச் சேரும். ஆனால் இனிமேல் பி எழுத விடாதீர்கள். கீபோட்டில் அந்த எழுத்து இல்லாவிட்டால் இரண்டு எஸ் போடலாம், அது பிழையில்லை. போனில் எஸ்ஸை அழுத்திப் பிடித்தாலே வரும்.

சுவிஸ்வாசி:
சரி தம்பி, இதுவரை தெரியாமல்தான் இருந்தேன். மஸ்ஸென் விசயம் இன்றுதான் விளங்கியது.

நல்லூர்த் தங்கச்சி:
மிச்சம் நன்றி அண்ணா! கல், கால் என்று சொன்னதும் உடனே பிடிபட்டது. ஒரு சந்தேகம்: வீட்டுக்கு 'ஹௌஸ்' என்கிறார்கள், அதில் ஔ இருக்கிறதே, பிறகு ஏன் ஒற்றை எஸ்?

வடலி:
நல்ல கேள்வி, இதை வகுப்பில் கேட்டிருக்க வேண்டும். பன்மையைச் சொல்லிப் பாருங்கள்: 'ஹொய்ஸர்'. அந்த ஸ் வண்டு இரைகிற மாதிரி அதிரும், தமிழில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லை. தொண்டையில் விரல் வைத்தால் தெரியும். உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் ஜேர்மனியில் அப்படி அதிரும், எஸ்ட்செட் அதிராது, பாம்பு சீறுகிற மாதிரி வெறும் காற்று. பன்மையில் அதிர்வதால்தான் ஹௌஸிலும் ஒற்றை எஸ். ஷ்ட்ராஸெயில் ஒற்றை எஸ் எழுதினால் வாசிப்பவர் அதிர வைத்து வாசிப்பார், சொல்லே மாறிப் போகும்.

உச்சரிப்பில் எங்கள் ஆட்கள் விடும் முதல் பிழை முன்னால் ஓர் இகரம் போடுவது, மெய்யில் சொல் தொடங்காத மொழி எங்களுடையது என்பதால் வாய் தானாகப் போடும். 'ஷ்' என்று பிள்ளையை அமர்த்துகிற மாதிரித் தொடங்கி நேரே 'ட்ரா'வுக்குப் போங்கள். ரகரம் அங்கே பெரும்பாலும் தொண்டையில் பிறக்கும், ஏ1க்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். கடைசி எகரத்தை 'சே' என்று இழுக்காமல் பாதியிலேயே விட்டுவிடுங்கள்.

நல்லூர்த் தங்கச்சி:
இப்போதே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், இகரம் வராமல் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. இதற்கு முன்னால் ஆண்பாலுக்குரிய 'டேர்' வருமா, பெண்பாலுக்குரிய 'டி' வருமா?

வடலி:
டி ஷ்ட்ராஸெ, பெண்பால். பன்மை ஷ்ட்ராஸென். 'தெருவில்' என்றால் 'ஔஃப் டேர் ஷ்ட்ராஸெ', அங்கே டி மாறி டேர் ஆகும், அதைப் பார்த்து ஆண்பால் என்று எழுதிவிட வேண்டாம்.