கே31 வாங்கலாமா, ஸ்வீடிஷ் மவுசர் வாங்கலாமா?
நண்பர்களே, நான் இருப்பது ஓஹையோவில். 100 கஜத்தில் காகித இலக்கைச் சுட ஒரு பழைய ராணுவ ரைபிள் தேடுகிறேன், வேட்டைக்கெல்லாம் இல்லை. ரஷ்யாவின் மோசின் நாகாந்த் சுடும்போது உதைத்துத் தோளைப் பெயர்க்கிறது, அது வேண்டாம். சுவிட்சர்லாந்தின் கே31-இல் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) திருப்பவே வேண்டாம், நேராக இழுத்துத் தள்ளினால் போதும், துல்லியத்துக்கும் பெயர் போனது, ஆனால் அதன் 7.5 மி.மீ. தோட்டா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஸ்வீடனின் எம்96 மவுசருக்கு 6.5 மி.மீ. தோட்டா, உதை குறைவு. சிக்கல் என் கண்தான்: இரண்டிலும் பின்குறி (குறிபார்க்கும் பின்பக்க அமைப்பு) பேரல் மேல் இருக்கும் திறந்த வெட்டு, அது வெள்ளெழுத்துக்காரனுக்கு மங்கலாகத் தெரிகிறது. பிரிட்டனின் லீ என்ஃபீல்டு நம்பர் 4-இல் சின்னத் துளை வழியாகப் பார்க்கும் துளைக்குறி கண்ணருகே இருக்கிறதே, அதுவே மேலா? அப்புறம், பேரல் தேய்ந்திருக்கிறதா என்று கடையிலேயே பார்ப்பது எப்படி? பேரல் முனையில் ஒரு தோட்டாவின் குண்டைச் செருகி, எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள், கடைக்காரர் முறைப்பாரோ என்னவோ. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.