கார்பனை மண்ணுக்குள்ள அனுப்பினா அங்கயே கெடக்குமா?

டவுட்டு_தம்பி: ஃபேக்டரி புகையில இருந்து கார்பன் டை ஆக்ஸைடை பிரிச்சு பூமிக்கு அடியில ஏத்திடலாம்ங்கறாங்க. சைக்கிள் ட்யூப்லயே ஒரு வாரம் காத்து நிக்க மாட்டேங்குது, இது மட்டும் ஆயிரம் வருஷம் நிக்கும்னு யாரு பாத்தா?

கல்லும்மண்ணும்: யாரும் ஏத்தாமலே உள்ள கெடக்குற இடம் இருக்கே. நியூ மெக்சிகோல பிராவோ டோம், 1916ல எண்ணெய்க்குன்னு தோண்டினவங்களுக்கு இந்த வாயுதான் வந்துச்சு. எரிமலைக் குழம்புல இருந்து கிளம்பி மணல்கல்லுக்குள்ள புகுந்து 12 லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு, மேல அன்ஹைட்ரைட் பாறை மூடி மாதிரி உக்காந்திருக்கு. 2014ல ஒரு ஆய்வு, மொத்தம் சுமார் 130 கோடி டன், அதுல 5ல ஒரு பங்குக்கு மேல உப்புத்தண்ணியில கரைஞ்சிருச்சுன்னு சொல்லுது. கரைஞ்ச தண்ணி கனமாயிடும், மேல வராது.

டவுட்டு_தம்பி: கல்லாவே மாறிடும்னு படிச்சேனே ப்ரோ?

கல்லும்மண்ணும்: அது ஐஸ்லாந்து, எரிமலைக் குழம்பு ஆறி உண்டான பசால்ட் பாறை, ரெண்டே வருஷத்துல மாறுச்சு. எல்லா இடத்துலயும் அப்படி நடக்காது. 2009ல இயற்கையாவே இந்த வாயு தங்கியிருக்குற 9 நிலத்தடி வயலைப் பாத்ததுல கல்லானது அதிகபட்சமே 18 சதவீதம்தான், மிச்ச வேலைய தண்ணிதான் செஞ்சிருக்கு.

போர்க்குழி: ஒரு நிமிஷம், ஒழுகித் தீந்துபோன வயலு இன்னைக்கு நம்ம கண்ணுலயே படாது, மிஞ்சினதை மட்டும் பாத்துட்டு "நிக்குது"ன்னா எப்படி? ஒழுகுற இடத்தையும் பாக்கணும். அரிசோனால செயின்ட் ஜான்ஸ் பக்கம் பிளவு வழியா 4 லட்சம் வருஷமா கசிஞ்சு சுண்ணாம்புத் திட்டு திட்டா படிஞ்சு கெடக்கு, ஆனா உள்ள இன்னும் வாயு இருக்கு, அவ்ளோ மெதுவான கசிவு. அதை விட யூட்டா கிரிஸ்டல் கீசரைப் பாருங்க. வெந்நீர் ஊத்துன்னு நெனைப்பீங்க, பச்சத்தண்ணி! குலுக்கின சோடா பாட்டில் மாதிரி குபுகுபுன்னு பீச்சி அடிக்கும், சுத்தி ஆரஞ்சு கலர்ல படிப்படியா படிவு. அதுக்கு வழி விட்டது 1930கள்ல எண்ணெய்க்குப் போட்ட ஒரு போர். என்னைக் கேட்டா பாறைய விட மனுசன் போட்ட ஓட்டைக்குத்தான் பயப்படணும்.

கல்லும்மண்ணும்: ஒத்துக்கறேன். இன்னொன்னு, இயற்கை மெதுவா நிரப்புச்சு, நார்வேகாரங்க வட கடல்ல ஸ்லைப்னர்ங்கற எரிவாயு வயல்ல 1996ல இருந்து வருஷத்துக்கு 10 லட்சம் டன் அளவுல அமுக்குனாங்க. அந்த பிரஷருக்கு பழைய வயல்கள்ல பதில் கெடைக்காது, தனியா கணக்கு போடணும்.

டவுட்டு_தம்பி: அப்போ காலியான எண்ணெய் வயல்ல ஏத்தறதா இருந்தா மொதல்ல அங்க எத்தனை பழைய போர் இருக்குன்னு எண்ணணும்.

போர்க்குழி: டெக்சாஸ்ல எண்ண ஆரம்பிங்க, விடிஞ்சிரும்.