நூரம்பர்க் போகிறவர்கள் ஃபியூர்த்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

வெலிங்டன் அம்மா:
மகள் ஜெர்மனியில் எர்லாங்கனில் மேற்படிப்பு படிக்கிறாள், நூரம்பர்க்கில் தங்கியிருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் போகிறோம். நூரம்பர்க் கோட்டையையும் பழைய நகரத்தையும் அவளே காட்டுவாள். அவளுக்கு வேலை இருக்கும் ஒரு நாள் நாங்கள் இருவரும் தனியாகச் சுற்ற வேண்டும். பக்கத்திலிருக்கும் ஃபியூர்த்துக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம் என்கிறாள். உறவினர் ஒருவரோ, அது வெறும் புறநகர், போவது வீண் என்கிறார். கணவருக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஆகாது. போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
பாம்பெர்க் போங்கள் அக்கா. ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர்.

குன்னூர் ரயில்காரர்:
தம்பி, பாம்பெர்க் அழகான ஊர்தான். ஆனால் அங்கே பேராலயம் மேட்டில் இருக்கிறது, அம்மாவின் வீட்டுக்காரர் ஏற வேண்டும். ஃபியூர்த்தின் மையப்பகுதி ஏறக்குறைய சமதளம்.

அம்மா, தாராளமாகப் போங்கள். நான் குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் வீட்டுக்குப் போனபோது ஃபியூர்த்தில்தான் தங்கினேன். ஜெர்மனியில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பயணிகள் ரயில் 1835 டிசம்பர் 7 அன்று நூரம்பர்க்கிலிருந்து கிளம்பி இந்த ஊருக்குத்தான் வந்தது. தூரம் சுமார் 6 கிலோமீட்டர். 'ஆட்லர்' என்ற அந்த எஞ்சினை இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் பட்டறையில் செய்தார்கள். ஓட்டுநரும் அங்கிருந்தே வந்தார். நிலக்கரி விலை அதிகம் என்பதால் பல நடைகளைக் குதிரைகளே இழுத்தன. நீலகிரி மலை ரயிலில் கல்லாறுக்கு மேலே 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் தடத்தில் எஞ்சினோடு காலம் தள்ளிய எனக்கு, சமதளத்தில் குதிரை பூட்டினார்கள் என்பது பெரிய வியப்பு.

யு1 மெட்ரோவில் யாகோபினென்ஷ்ட்ராசே நிலையத்தில் இறங்குங்கள். ஹார்ன்ஷூக் புரொமனாட் என்ற சாலை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் இணைச்சாலைக்கும் நடுவே மரங்களோடு நீளும் பட்டையில்தான் அந்தத் தண்டவாளம் ஓடியது. 1922இல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இருபுறமும் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த பழைய மாடி வீடுகள். நின்று நிதானமாகப் பாருங்கள். 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் நூரம்பர்க்கின் பழைய நகரம் தரைமட்டமாயிற்று. இன்று அங்கே காண்பதில் பெரும்பகுதி திரும்பக் கட்டியது. ஃபியூர்த் பெருமளவு தப்பியது.

புறநகர் என்று சொன்னவரிடம் இதையும் சொல்லுங்கள்: 1922இல் நூரம்பர்க்குடன் இணைவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது ஃபியூர்த் மக்கள் மறுத்துவிட்டார்கள். இன்றும் அது தனி மாநகரம். 1499இல் நூரம்பர்க் யூதர்களை வெளியேற்றியது. அடுத்த நூற்றாண்டில் ஃபியூர்த் அவர்களுக்கு இடம் கொடுத்தது. ராத்ஹவுஸ் நிலையத்துக்கு அருகே ஒரு பழைய யூதர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அடித்தளத்தில் சடங்குக் குளியல் தொட்டி, திறந்து மூடும் கூரையுள்ள பண்டிகை அறை, இரண்டையும் தவறவிடாதீர்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹென்றி கிசிஞ்சர் 1923இல் பிறந்தது இந்த ஊரில்தான். 1938இல் குடும்பத்தோடு தப்பி வெளியேறினார். அந்த அருங்காட்சியக வீட்டுக்குள் நடந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

நூரம்பர்க்கில் வேலை பார்ப்பவன்:
ஐயா சொன்னது அத்தனையும் சரி. அம்மா, செப்டம்பர் 29 சனிக்கிழமையாக இருந்தால் அன்றே, இல்லையென்றால் அடுத்து வரும் சனிக்கிழமை, ஃபியூர்த்தின் மிகேலிஸ் திருவிழா தொடங்கும். தனி மைதானம் கிடையாது. ஊரின் நடுத்தெருக்களிலேயே ராட்டினமும் கடைகளும் போடுவார்கள். துருவிய உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்த 'பாகெர்ஸ்' வாங்கிச் சாப்பிடுங்கள், ஆப்பிள் கூழோடு கொடுப்பார்கள். சைவம் என்றால் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்காடிகளில் வாங்க வேண்டியிருந்தால் ஞாயிறு வேண்டாம், பொதுவாக மூடியிருக்கும். இரண்டு ஊர்களுக்கும் ஒரே நாள் டிக்கெட் போதும்.

வெலிங்டன் அம்மா:
மிக்க நன்றி. மெட்ரோ நிலையங்களில் லிப்ட் இருக்கிறதா? அந்த ஆட்லர் எஞ்சினைப் பார்க்க முடியுமா? கணவர் கேட்கச் சொன்னார்.

குன்னூர் ரயில்காரர்:
லிப்ட் இருக்கிறது அம்மா. அசல் எஞ்சின் இப்போது இல்லை. 1935இல் நூற்றாண்டுக்காகச் செய்த மாதிரி நூரம்பர்க் ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. திங்கட்கிழமை அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, வேறு நாள் பார்த்துப் போங்கள்.