சூட்டில் தொளதொளத்த லீவர், ஆறினதும் வழுக்கின கிளட்ச்: உங்க அனுபவம் என்ன?

சேறுபூசி
கேபிள் கிளட்ச் வைத்த 250 சிசி டர்ட் பைக். செங்குத்து மேட்டில் பாதியில் நின்று, முதல் கியரில் அரை கிளட்ச்சிலேயே ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். லீவர் தொளதொளவென்று ஆகி, முழுக்க இழுத்தாலும் வண்டி ஊர்ந்தது. ஓட்டினவர் அங்கேயே கேபிள் அட்ஜஸ்டரைத் திருகி ஃப்ரீ பிளேயை (லீவர் கிளட்ச்சை இழுக்கத் தொடங்கும் முன் இருக்கும் தளர்வை) எடுத்துவிட்டார். வண்டி வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் நாலாவது கியரில் த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவில்லை.

மனசில் உறுத்துவது இதுதான்: கழற்றி வெர்னியர் வைத்தால் கார்க் பிளேட் (உராய்ந்து பிடிக்கும் தகடு) எல்லாமே அளவுக்குள் இருக்கிறது. புதுசு 3.0 மிமீ, தள்ளவேண்டிய அளவு 2.8; இவை 2.92, 2.93. ஆனால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, நகத்தால் கீறினாலும் தடம் விழவில்லை. அடுக்கின் நடுவில் இருந்த ஸ்டீல் பிளேட்டுகள் நீலம் பாய்ந்திருந்தன. ஒன்றைத் தடித்த கண்ணாடியில் வைத்தால் 0.25 மிமீ ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையே இல்லாமல் அடியில் நுழைந்தது. பல மேனுவல்களில் நெளிவுக்கு 0.1 முதல் 0.2 மிமீ வரைதான் இடம். தடிமனை மட்டும் அளந்து "பிளேட் நல்லாத்தான் இருக்கு" என்று மூடியிருந்தால் திரும்பவும் அதே கதைதான்.

அரைகிளட்ச்
அந்த அட்ஜஸ்டர்தான் அண்ணே கொன்னது. சூடேறினா பிளேட் அடுக்கு விரியும், அடுக்கை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் தள்ளப்படும், அதனால கேபிள்ல தொளதொளப்பு கூடும். கேபிள் நீண்டுபோச்சுன்னு நினைச்சு இறுக்குவாங்க. ஆறினதும் அடுக்கு சுருங்கும், பிரஷர் பிளேட் உள்ளே போகும், ஃப்ரீ பிளே பூஜ்யம். லீவரை யாரோ லேசா பிடிச்சுக்கிட்டே இருக்கிற நிலைமை. ஸ்பிரிங் முழுசா அழுத்தாது, வழுக்கும், வழுக்கினா சூடு, அப்புறம் மினுங்காம என்ன செய்யும்.

வழியில இறுக்கியே ஆகணும்னா இறுக்குங்க. ஆனா ஆறினதும், திரும்ப ஓட்டுறதுக்கு முன்னாடி, லீவர் நுனியில 10–15 மிமீக்குத் தளர்த்தி வைக்கணும். அளவு வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், மேனுவல் பாருங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, ரெண்டு கோடியிலயும் அந்தத் தொளதொளப்பு இருக்கான்னு பாருங்க. கேபிள் போற பாதை தப்பா இருந்தா ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இழுத்துக்கும்.

மணல்மேடு
எல்லாத்துக்கும் அட்ஜஸ்டர்தான் காரணம்னு முடிவு கட்டாதீங்க. இங்க வந்த ஒரு வண்டியில ஃப்ரீ பிளே சரி, ஸ்டீல்ல நீலம் கிடையாது, கார்க் புதுசு. ஆனாலும் அஞ்சாவது கியர்ல வழுக்குது. உள்ளே இருந்தது கார் ஆயில். எரிபொருள் சேமிப்புன்னு டப்பாவில போட்டு வர்ற ஆயில்ல உராய்வைக் குறைக்கிற சேர்மானம் இருக்கும், ஆயில்ல ஊறுற கிளட்ச்சுக்கு அது ஆகாது. டப்பாவில ஜாசோ (ஜப்பான் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கணும். எம்பி போட்டது ஸ்கூட்டருக்கு. ஆயிலை மாத்தி, சூடாக ஓட்டி, இன்னொரு தடவை வடிச்சு மாத்தினப்புறம் பிடிச்சுக்கிச்சு. கவரே கழட்டல.

ஸ்பேனர்காரன்
@மணல்மேடு அது அதிர்ஷ்டம். அதே ஆயிலோடு மேட்டில் ஏற்றியிருந்தால் கார்க் மினுங்கியிருக்கும், அதற்கப்புறம் ஆயில் மாற்றி எந்தப் பயனும் இல்லை.

என் பங்குக்கு வழுக்கலுக்கு நேர் எதிரான ஒன்று. லீவர் இழுத்தாலும் வண்டி முன்னே தள்ளுகிறது, நின்றபடி நியூட்ரல் விழமாட்டேன் என்கிறது. புது பிளேட், புது ஸ்பிரிங், புது கேபிள் எல்லாம் போட்டாகிவிட்டது, மாற்றம் இல்லை. பாஸ்கெட்டின் (பிளேட் அடுக்கைச் சுற்றியிருக்கும் அலுமினியக் கூடையின்) காடிக்குள் நகத்தை ஓட்டினால் படிக்கட்டு மாதிரி தட்டுகிறது. கார்க் பிளேட்டின் காதுகள் இன்ஜினின் ஒவ்வொரு அடிக்கும் அலுமினியத்தில் மோதி மோதிப் பள்ளம் போட்டிருக்கின்றன. லீவரை இழுக்கும்போது பிளேட் காடியில் நகர்ந்து விலகவேண்டும். காது பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் விலகாது.

பள்ளம் 0.3 மிமீக்குள் என்றால் நைஸ் அரத்தால் மேட்டை மட்டும் தட்டையாக்கலாம், பக்கவாட்டில் சாய்க்காமல். அதற்கு மேல் அராவினால் காடி அகலமாகும், காது ஆட்டம் கூடும், மோதல் இன்னும் பலமாகும், சீக்கிரமே புதுப் பள்ளம். பாஸ்கெட்டைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அடுக்கின் நடுவில் இருக்கும் உள் ஹப்பை விட்டுவிடுகிறார்கள். ஸ்டீல் பிளேட்டின் பல் உட்காரும் வரிகளிலும் இதே தழும்பு வரும். அராவின தூளை முழுக்கத் துடைத்து எடுக்காமல் மூடினால் அது ஆயில் பம்ப்புக்குத்தான் போகும்.

உருளைக்கல்
கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டி ஒன்று. வழுக்கல். கிளட்ச் திரவ டேங்கின் மூடியைத் திறந்தால் விளிம்புவரை திரவம் தளும்புகிறது. பிரேக்கில் பேடு தேய்ந்தால் திரவம் இறங்கும்; கிளட்ச்சில் பிளேட் தேயத் தேய ஏறும். யாரோ நடுவில் திறந்து "குறைவா இருக்கே" என்று நிரப்பியிருக்கிறார்கள். ஏறின திரவத்துக்குப் போக இடம் இல்லை, அழுத்தம் மிச்சம் நிற்கிறது. மேனுவல் சொன்ன மட்டத்துக்கு உறிஞ்சி எடுத்ததும் அப்போதைக்கு நின்றது. ஆனால் மட்டம் அவ்வளவு ஏறியிருந்ததே பிளேட் தேய்ந்ததற்கு அடையாளம். அளந்தால் அத்தனையும் எல்லைக்குக் கீழே.

இன்னொன்று: மினரல் ஆயில் கேட்கும் சிஸ்டத்தில் டாட் 4 (பிரேக் திரவம்) ஊற்றாதீர்கள், டாட் 4 சிஸ்டத்தில் மினரல் ஆயிலும் வேண்டாம். ரப்பர் சீல் உப்பிப் போய்விடும்.

நட்டுபோல்ட்டு
எங்கிட்ட வந்தது சின்னக் கேஸ். பிளேட் மாத்தி மூடின உடனே வண்டி இழுவை, நியூட்ரல் இல்ல. திறந்தா ஜடர் ஸ்பிரிங் (கிளட்ச் பிடிக்கும்போது வர்ற அதிர்வைக் குறைக்கிற வளைய ஸ்பிரிங்) தலைகீழ். அவ்வளவுதான்.

ஆனா இதைப் படிக்கிறவங்க நாளைக்கே கழட்டப் போறீங்கன்னு தெரியும், அதனால சொல்லிடறேன். கிளட்ச் பெரும்பாலும் வலது பக்கம். வண்டியை இடது பக்கம் பத்திரமா சாய்ச்சுப் படுக்க வெச்சா ஆயில் வடிக்காமலே கவர் திறக்கலாம். பெட்ரோல் ஒழுகாம முதல்ல பாத்துக்குங்க. ஆனா எரிஞ்ச கிளட்ச்னா ஆயிலை வடிச்சே ஆகணும், கார்க் தூள் பூரா அதுலதான் இருக்கும். ஃபில்டர், வலை ரெண்டையும் விடாதீங்க.

ஸ்பிரிங் போல்ட்டை எதிரெதிரா, சுத்துக்குக் கால்வாசியா தளர்த்துங்க. பிளேட்டை எடுக்கிற வரிசையிலயே கம்பியில கோத்து வைங்க, போட்டோவும் எடுங்க. சில வண்டில ஒரு கார்க் பிளேட்டுக்கு மட்டும் உள்வட்டம் பெரிசா இருக்கும். ஜடர் ஸ்பிரிங்கும் அதோட வளையமும் அதுக்குள்ளதான் உக்காரும். அதை வேற இடத்துல போட்டா கிளட்ச் முழுசா விலகாது. இன்னும் சிலதுல கடைசி கார்க் பிளேட்டோட காது மட்டும் பக்கத்துல இருக்கிற ஆழம் குறைஞ்ச காடியில போகும். ஸ்டீல் பிளேட்டுக்கு ஒரு விளிம்பு கூரா, ஒண்ணு மழுங்கலா இருக்கும், எல்லாத்தையும் ஒரே பக்கம் பாத்து அடுக்குங்க.

ஸ்பிரிங்கோட சும்மா இருக்கிற நீளத்தை அளங்க. ஒண்ணு குட்டையாயிருந்தாலும் முழு செட்டா மாத்துங்க. முறுக்கான ஸ்பிரிங் போட்டா வழுக்கல் நிக்கும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, செத்த கார்க்கை அது கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். கை வலியும், பிரஷர் பிளேட்டைத் தள்ளுற புஷ் ராடோட தேய்மானமும்தான் மிச்சம். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுமார், ரெண்டு மூணு சுத்தா, எதிரெதிரா. டார்க் ரெஞ்ச் இல்லாம கை பலத்துல முறுக்கி ஹப்போட தூணையே ஒடிச்ச வண்டிகள் நிறைய உண்டு, அப்புறம் ஹப்பே புதுசு வாங்கணும். புது கார்க்கை ராத்திரி பூரா ஆயில்ல ஊறப்போடுங்க.

அரைகிளட்ச்
ராத்திரி பூரா எதுக்கு? அரை மணி நேரம் போதும். கார்க் குடிக்கிறதை அதுக்குள்ள குடிச்சுடும். முக்கியம், எந்த ஆயில் வண்டிக்குள்ள இருக்கப் போகுதோ அதுலயே ஊறணும், ரெண்டு முகமும் நனையணும். காய்ஞ்ச பிளேட்டோட ஸ்டார்ட் பண்றதுதான் தப்பு.

நட்டுபோல்ட்டு
போதும்தான். ராத்திரி போட்டா என்ன குறைஞ்சுடும்னு சொல்லுங்க?

சேறுபூசி
ஊறவைத்தது முந்தின இரவே, சண்டை வேண்டாம். @அரைகிளட்ச் சொன்னதுதான் நடந்திருக்கிறது: புஷ் ராடை உருவினால் நுனி கருநீலம், ஓரம் காளான் மாதிரி பிதுங்கியிருக்கிறது. ஃப்ரீ பிளே இல்லாமல் ரிலீஸ் பேரிங்கை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே சுழன்ற அடையாளம். ராடும் பேரிங்கும் மாற்றியாயிற்று. ஒரு கேள்வி மட்டும்: நீலம் பாயாத, நெளிவு 0.05க்குள் இருக்கும் ஸ்டீல் பிளேட்டுகளைத் திரும்பப் போடலாமா?

ஸ்பேனர்காரன்
போடலாம். 220 உப்புத்தாளைக் கண்ணாடியில் விரித்து, பிளேட்டை வட்டமாகத் தேய்த்து மினுமினுப்பை மட்டும் எடுங்கள், பிரேக் கிளீனரால் கழுவுங்கள். நீலம் பாய்ந்தவற்றுக்குப் பதில் வாங்கும்போது பழையதன் தடிமனை அளந்து அதே அளவில் வாங்குங்கள். சில வண்டிகளில் இரண்டு தடிமனில் ஸ்டீல் பிளேட் வரும், மாறினால் அடுக்கின் உயரமே மாறிவிடும்.