வி.ஆர்.எஸ். பணத்தில் கார் எடுத்து ஆப்பில் ஓட்டலாமா?

பூந்தமல்லிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன், போன மாதம் வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கையில் இருப்பது 6 லட்சம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மச்சான் என்ன சொல்கிறார் என்றால், இரண்டரை லட்சம் முன்பணம் கட்டி மஞ்சள் போர்டில் ஒரு கேஸ் வண்டி எடு, மீதி 5 லட்சத்துக்கு லோன் போடு, தினம் 2,000 ரூபாய் பார்க்கலாம், ஐந்து வருடத்தில் வண்டி உனக்கே சொந்தம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. போன வாரம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்ப ஆப்பில் வண்டி போட்டேன். மூன்று பேர் வரிசையாகப் போன் செய்து "எங்கே போகணும், கேஷா ஆன்லைனா" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்தார்கள். ஒரு கண்ணில் கட்டோடு அம்மா வாசலில் கட்டைச் சுவர்மேல் வெயிலில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தொழிலுக்கு வந்தால் நானும் அப்படித்தான் ஆகிவிடுவேனா? ஓட்டுகிறவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

மஞ்சள்போர்டு:

தம்பி, மச்சான் சொன்ன 2,000 பொய் இல்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் அது வண்டியின் வசூல், உன் சம்பளம் வேறு. என் நோட்டில் இருக்கிறபடியே சொல்கிறேன். ஒரு நாளைக்கு வண்டி 180 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் ஆள் உட்கார்ந்து வருவது 120தான், மீதி 60 காலியாகப் போய் ஏற்றுவதும் இறக்கிவிட்டுத் திரும்புவதும். அந்த 120க்கு கமிஷன் போகக் கைக்கு வருவது கிலோமீட்டருக்குச் சராசரி 17 ரூபாய். ஆக 2,040. கேஸ் போடுவது 180க்கும். சென்னை நெரிசலில் ஏசி போட்டு ஓட்டினால் கிலோவுக்கு 22 கிலோமீட்டர், கிலோ 90 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 730க்கு மேல் போய்விடும். மாதம் 26 நாள் ஓட்டினால் கேஸ் போக 34,000 நிற்கும். 5 லட்சத்துக்கு ஐந்து வருட லோன் என்றால் மாதத் தவணை, அதாவது டியூ, எப்படியும் 11,000 வரும். இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எல்லாவற்றுக்கும் மாதம் 6,000 எடுத்து வைக்காவிட்டால் அந்தந்த மாதம் வட்டிக்கு வாங்க வேண்டி வரும். கடைசியில் மிஞ்சுவது 17,000. அதற்கு நாளுக்கு 12 மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். மணிக்கு 54 ரூபாய், சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் அதற்குள்தான்.

அப்புறம் அந்த "வண்டி உனக்கே சொந்தம்". மாதம் 4,680 கிலோமீட்டர் ஓடினால் ஐந்து வருடத்தில் மீட்டரில் 2 லட்சத்து 80 ஆயிரம் காட்டும். அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று செகண்ட் ஹேண்ட் வண்டி விற்பவரிடம் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வா. நாம் தினம் வீட்டுக்குக் கொண்டுபோகிற காசில் ஒரு பங்கு அந்த வண்டியைத் தேய்த்து எடுத்த காசு, அதை வருமானம் என்று எண்ணிச் செலவழித்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய பேர்.

போன வருடம் ஒரு ஆப்பில் என் ஐடியை 11 நாள் பிளாக் செய்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பயணி புகார் கொடுத்தாராம், என்ன புகார் என்று கடைசிவரை சொல்லவில்லை. டியூ தேதி மட்டும் நிற்கவில்லை, மனைவியின் வளையல் போனது.

ஓட்டேரி_இரவு:

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணே, ஏனென்றால் அந்தப் போனின் மறுமுனையில் நான் இருந்திருக்கிறேன்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசல், இரவு ஒன்பதரை. ஏற்றப் போக வேண்டிய தூரம் 4 கிலோமீட்டர், இறக்க வேண்டிய இடம் அயனாவரம், 78 ரூபாய். இத்தனை சவாரி முடித்தால் ஆப் கூடுதலாகத் தருகிற இன்சென்டிவுக்கு அன்று இன்னும் இரண்டு சவாரி பாக்கி, பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். மறுநாள் டியூ. போன் செய்தேன், ஒரு அம்மா எடுத்து "டயாலிசிஸ் முடிச்சுட்டு நிக்கிறோம்பா, அவரால நிக்க முடியல" என்றார். நான் "வரேம்மா" என்று சொல்லிவிட்டு கேன்சல் செய்தேன். அந்த "வரேம்மா"தான் இன்னும் காதில் கேட்கிறது. முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம், அவர் உடனே ஒரு ஆட்டோவைப் பிடித்திருப்பார்.

அதே மாதம்தான், 15 மணி நேரம் ஓட்டிவிட்டுப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் கண் சொருகியது. பின் சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் யோசித்துப் பார்த்தேன், நான் கெட்டவனாகப் பிறக்கவில்லை, 14,500 ரூபாய் டியூ என்னை அந்த இடத்துக்குத் தள்ளியிருந்தது. அந்த வண்டியை விற்றுவிட்டு இப்போது பழைய வண்டி ஒன்றை முழுப் பணம் கொடுத்து வாங்கி ஓட்டுகிறேன். வாடகைக்கும் அரிசிக்கும் மட்டும் ஓட்டினால் போதும் என்பதால் 78 ரூபாய் சவாரிக்கும் போக முடிகிறது. நீங்கள் மனசாட்சியையும் கடனையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

க்ளெய்ம்பார்ப்பவன்:

வாகன இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலையில் இருப்பவன். மேலே யாரும் சொல்லாத சில விஷயங்கள்.

வெள்ளை போர்டு வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் வாடகைக்கு ஓட்டாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் வாடகை சவாரி போய் விபத்தானால் விதிமீறல் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க வழி இருக்கிறது. உங்கள் வண்டியைச் சரிசெய்யும் செலவு போவது ஒரு பக்கம், அடிபட்டவருக்குத் தர வேண்டிய நஷ்டஈடு உங்கள் தலையில் விழலாம். அதேபோல பாலிசியில் இருக்கும் 15 லட்சம் விபத்துக் காப்பீடு வண்டி உரிமையாளரே ஓட்டும்போதுதான். உங்களுக்குப் பதிலாக ஓட்ட ஆக்டிங் டிரைவர் போட்டால் அவருக்குத் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸோடு தனியாக வாங்கும் பேட்ஜ் பற்றிப் பயப்பட வேண்டாம். இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

ஆப் டாக்சிகளுக்கான மத்திய அரசின் 2025 வழிகாட்டு நெறிமுறைகளின்படி சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும், ஆப் கம்பெனி 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் 10 லட்சத்துக்கு டெர்ம் (ஆயுள்) காப்பீடும் எடுத்துத் தர வேண்டும். காரணம் இல்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். ஆனால் இதை ஒவ்வொரு மாநிலமும் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும், காகிதத்தில் இருப்பதை நம்பி லோன் போடக் கூடாது. தமிழ்நாட்டில் ஆப் வழியாக வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்கு 2023இல் தனி நலவாரியம் அமைத்தார்கள், தொழிலுக்கு வந்தால் முதல் வேலையாக அதில் பதிந்துகொள்ளுங்கள்.

சித்தாலப்பாக்கம்:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். எனக்கு இந்தத் தொழில்தான் சோறு போடுகிறது. கமிஷன் ஆப்பை விட்டுவிட்டு தினக் கட்டணம் கட்டி ஓட்டுகிற ஆப்புக்கு மாறினேன். காலையில் ஓ.எம்.ஆரில் இரண்டு ஐ.டி. பெண்களுக்கு மாதக் கணக்கில் பேசி ஓட்டுகிறேன், காலி ஓட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒன்று, எனக்கு லோன் இல்லை.

பூந்தமல்லிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஓட்டேரி தம்பி எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன், இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இப்போதைக்கு லோன் போடவில்லை. தெரிந்தவர் வண்டியில் மூன்று மாதம் ஆக்டிங் ஓட்டிப் பார்க்கிறேன், மஞ்சள்போர்டு அண்ணன் மாதிரி தினமும் காலி கிலோமீட்டரைத் தனியாகக் குறித்து வைக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: ஆக்டிங் டிரைவருக்கான அந்தக் காப்பீட்டை உரிமையாளர் சேர்க்க மறுத்தால், நானே தனியாக விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்ளலாமா?

க்ளெய்ம்பார்ப்பவன்:

தாராளமாக எடுக்கலாம். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் வாடகை வண்டி ஓட்டுநர் என்று உண்மையையே எழுதுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.