எடை மேடை சிஸ்டம்ல சிஸ்டம்டி: சர்வீஸ் எந்திரிச்ச வேகத்துல படுத்துக்குது

கோபாலபுரத்துக்காரன்:
வணக்கமுங்க. பொள்ளாச்சி பாலக்காடு ரோட்டுல, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு முன்னால எங்க எடை மேடை. ரூம்ல இருக்கற சிஸ்டம் ரொம்ப வருசமா சென்ட்ஓஎஸ் 6ங்கற லினக்ஸ்ல ஓடுச்சு, போன வாரம் ஹார்ட்டிஸ்க் போயி டெபியன் 12ங்கற லினக்ஸ் போட்டேன். எடைய காட்டற இண்டிகேட்டர் பொட்டில இருந்து யூஎஸ்பி கேபிள் வழியா எடைய வாங்கி சீட்டு அடிக்கற பைத்தான் புரோகிராம் ஒண்ணு இருக்குது, டெபியன்ல சர்வீஸ எல்லாம் எழுப்பி ஓட்டற சிஸ்டம்டிக்காக அதுக்கு யூனிட் ஃபைல்ங்கற குறிப்பு எழுதி, எதை ஓட்டணும்னு சொல்ற எக்ஸெக்ஸ்டார்ட் வரில சென்ட்ஓஎஸ்ல இருந்த பழைய இனிட்.டி ஸ்டார்ட் ஸ்கிரிப்டையே குடுத்தேனுங்க. ஸ்டார்ட் குடுத்தா எரர் இல்ல, ஸ்டேட்டஸ் பாத்தா இன்ஆக்டிவ் டெட் (நின்னு போச்சு)னு வருது, புரோகிராமும் ஓடல. லாக் பாக்கலாம்னா வார் லாக்ல மெசேஜஸ் ஃபைலையே காணோம். காலைல ஆறு மணிக்கே தேங்கா லோடு வரிசை கட்டிருது, சீட்டு கையில எழுதிக் குடுத்துட்டு இருக்கேன்.

வேலந்தாவளம்:
அந்த ஸ்கிரிப்ட் கடைசில ஆண்ட் (&) குறி போட்டு புரோகிராம பின்னால தள்ளிட்டு வெளிய போயிருது இல்லீங்களா, அதுதான் வினை. யூனிட் ஃபைல்ல டைப் ஒண்ணும் போடலைன்னா சிம்பிள்னுதான் எடுத்துக்கும், அதாவது எக்ஸெக்ஸ்டார்ட்ல குடுத்ததுதான் சர்வீஸ்னு நினைச்சுக்கும். ஸ்கிரிப்ட் முடிஞ்சா சர்வீஸே முடிஞ்சதா நினைச்சு, அதே சிகுரூப்ல (சர்வீஸோட புரோகிராம் கூட்டத்துல) மிச்சம் இருக்கறதையும் கொன்னுரும். ஸ்கிரிப்ட தூக்கிப் போடுங்க. எக்ஸெக்ஸ்டார்ட்ல நேரா பைத்தான், புரோகிராம் ரெண்டுக்கும் முழுப் பாதை குடுங்க, முன்னாலயே ஓடட்டும். புரோகிராம் நம்பர எழுதி வெக்கற பிஐடி ஃபைலே வேண்டாம், செத்துச்சான்னு பாக்கறதெல்லாம் சிஸ்டம்டி பாத்துக்கும். நான் 2015ல டெபியன் 8 வந்தப்ப இதே தப்பப் பண்ணி ரெண்டு நாள் முழிச்சேன், பழைய ஸ்கிரிப்ட கட்டிப்புடிச்சுட்டு இருந்ததுதான் காரணம். யூனிட் ஃபைல திருத்துனா, சிஸ்டம்டி அத மறுபடி படிக்க டீமன்-ரீலோட் குடுக்க மறக்காதீங்க.

செங்கோட்டை:
அண்ணாச்சி, டெபியன் 12ல அந்த மெசேஜஸ் ஃபைல எழுதற ஆர்சிஸ்லாக் தானா வராது, அதான் ஃபைலக் காணல. லாக் எல்லாம் சிஸ்டம்டியோட ஜர்னல்ல இருக்கும், ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ போட்டு சர்வீஸ் பேரக் குடுங்க, கரண்ட் போய் வந்தா மைனஸ் பி மைனஸ் ஒண்ணுன்னு போட்டா முந்தின பூட்ல என்ன நடந்துச்சுன்னு தெரியும். பைத்தானுக்கு மைனஸ் யூ தனியா குடுக்கணும், இல்லன்னா பிரிண்ட் பண்ணதெல்லாம் பஃபர்லயே கிடக்கும், ஜர்னல் காலியாத் தெரியும், புரோகிராம் ஓடலன்னு நினைச்சிருவீய.

புரோகிராம் விழுந்தா தானா எழுப்ப யூனிட் ஃபைல்ல ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் போட்டா, 5 செகண்ட் விட்டு எழுப்ப ரீஸ்டார்ட்செக்=5ம் சேத்துப் போடுங்க. சும்மா விட்டா 100 மில்லி செகண்டுல திரும்பத் திரும்ப எழுப்பி, 10 செகண்டுக்குள்ள 5 தடவை விழுந்தா கைவிட்டுரும்.

கோபாலபுரத்துக்காரன்:
ஓடுதுங்க! ஸ்டேட்டஸ் பச்சையா வந்துச்சு. ஆனா லாரி ஏறுற அதிர்ச்சில கேபிள் கழண்டு மாட்டுனா எந்திரிக்க மாட்டேங்குது.

வேலந்தாவளம்:
யூனிட் ஃபைல்ல யூனிட் பகுதில பைண்ட்ஸ்டு, ஆஃப்டர் ரெண்டுக்கும் அந்த யூஎஸ்பி கேபிளுக்கு சிஸ்டம்டி வெச்ச பேரான டெவ்-டிடிஒய்யூஎஸ்பி0.டிவைஸ் குடுங்க, இன்ஸ்டால் பகுதில வாண்டட்பைக்கும் அதேதான். அப்பறம் டிஸேபிள் பண்ணி மறுபடி எனேபிள் பண்ணுங்க. கேபிள் கழண்டா சர்வீஸ் நிக்கும், மாட்டுனா தானா எழும்பும்.

கோபாலபுரத்துக்காரன்:
மூணு தடவை புடுங்கி மாட்டிப் பாத்தேன், மூணு தடவையும் எந்திரிச்சுது. இப்பத்தான் ஒரு இளநி வண்டிக்கு காலி எடை சீட்டு அடிச்சுக் குடுத்தேனுங்க. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.